வேலூர் குழாய்த் தண்ணீரை மீன் தொட்டிக்கு எப்படித் தயார் செய்வது?

சத்துவாச்சாரியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "கார்ப்பரேஷன் தண்ணீர் வந்த அன்றே இரண்டடித் தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். விடிவதற்குள் ஐந்து கோல்டுஃபிஷ்ஷில் மூன்று செத்துவிட்டன. மிச்சம் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள். இனிமேல் கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமா?"

முதலில் அந்த இரண்டு மீன்களைப் பார்ப்போம், காரணமெல்லாம் பிறகு. தொட்டியில் மறுபடி முழுத் தண்ணீர் மாற்றாதீர்கள். ஏர் பம்ப் இருந்தால் முழு வேகத்தில் ஓடட்டும். மீன் கடைக்குப் போய் ஆன்டி குளோரின் பாட்டில் வாங்கி, அதில் எழுதியிருக்கும் அளவை உங்கள் தொட்டியின் மொத்தத் தண்ணீருக்கும் கணக்குப் பண்ணி ஊற்றுங்கள். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர் பிடிக்கும். கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாளைக்குத் தீனி போட வேண்டாம். பட்டினியால் மீன் சாகாது. ஆனால் இப்போது போடுகிற தீனி அழுகினால் அது அந்த இரண்டையும் கொண்டுபோய்விடும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீல மருந்து என்பது மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் உதவுகிற நல்ல மருந்துதான். ஆனால் தண்ணீரில் இருக்கும் குளோரினை எடுக்க அதைப் பயன்படுத்துவதில்லை. அதோடு ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் அது கெடுக்கும். அதனால் இந்தச் சமயத்தில் அதை ஊற்றாமல் எடுத்து வையுங்கள்.

சரி, என்ன நடந்தது? குழாய்த் தண்ணீரில் கிருமி சாக பிளீச்சிங் பவுடரோ குளோரின் வாயுவோ சேர்க்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. வைரஸ் தொற்று பயம் உள்ளபோது 0.5 மில்லிகிராம். இந்த அளவு நம்மை ஒன்றும் செய்யாது, உண்மையில் நம்மைக் காப்பாற்றுகிறது. மீன் கதை வேறு. நன்னீர் உயிர்களைக் காக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த வரம்பைப் பாருங்கள்: சிறிது நேரம் மட்டும் என்றாலே லிட்டருக்கு 0.019 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, தொடர்ந்து இருப்பதென்றால் 0.011. ஒழுங்காகக் குளோரின் சேர்த்த தண்ணீரிலேயே மீன் தாங்குவதைப் போல் பத்து மடங்கு இருக்கிறது. நாம் குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகிறது. மீனுக்கோ அதே தண்ணீர் செவுளின் மெல்லிய தோலை நிமிடத்துக்கு நிமிடம் உரசிக்கொண்டு போகிறது. குளோரின் அந்தத் தோலைப் பொசுக்கிவிடும். தண்ணீரில் காற்று இருந்தும் மீனால் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் மேலே வந்து வாயைத் திறக்கிறது.

குளோரின் எல்லா நாளும் ஒரே அளவில் வராது என்பதையும் மனதில் வையுங்கள். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் தூக்கலாக இருக்கும், குழாயின் கடைசித் தெருவில் குறைந்திருக்கும். மழைக்காலத்தில், வயிற்றுப்போக்கு பயம் வரும்போது, அளவைக் கூட்டுவார்கள். "போன மாதம் இப்படித்தானே ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் கேட்பதற்குப் பதில் இதுதான். மூக்கை நம்பாதீர்கள். வாசனை தெரியாத அளவே மீனைக் கொல்லப் போதும். குடிநீர் ஊழியர்கள் வைத்திருப்பார்களே, இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும் ஆர்த்தோடோலிடின் மருந்து, அது மலிவு. ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சோதித்துவிட்டுச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது, கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளோரினை எடுக்க இரண்டு வழி போதும். ஒன்று, காத்திருப்பது. வாய் அகன்ற ட்ரம்மில் தண்ணீரைத் திறந்து வைத்தால் குளோரின் மெல்ல வெளியேறும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் சிதையும். ஏர் ஸ்டோன் போட்டுக் குமிழ் விட்டுக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ஒரு நாள், சும்மா வைத்தால் இரண்டு நாள். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும்: "எங்கள் வீட்டில் தண்ணீர் சம்ப்பில் மூன்று நாள் இருந்துதான் மேலே ஏறுகிறது, குளோரின் போயிருக்கும்" என்பார்கள். மூடிய சம்ப்பிலும் மூடிய சின்டெக்ஸிலும் வெயிலும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. கொஞ்சம் குறையும், ஆனால் எவ்வளவு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அது போதாதென்று புதுத் தண்ணீர் வர வர அதிலேயே கலக்கிறது. மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வருவதையும் குழாயில் நேராக வந்ததைப் போலவே நடத்துங்கள்.

இரண்டாவது வழி ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ஃபிலிம் கழுவப் பயன்பட்ட அதே கற்கண்டு மாதிரிப் படிகம். கடையில் விற்கும் ஆன்டி குளோரின் பெரும்பாலும் இதன் கரைசல்தான். 1 மில்லிகிராம் குளோரினை முறிக்க 7 மில்லிகிராம் ஹைப்போ படிகம் போட்டால் நிச்சயம் போதும். 10 கிராம் படிகத்தை 100 மில்லி ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்தால் ஒவ்வொரு மில்லியிலும் 100 மில்லிகிராம் இருக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று தாராளமாக வைத்துக் கணக்கிட்டால், 15 லிட்டர் பக்கெட்டுக்கு 2 மில்லி, 50 லிட்டருக்கு 7 மில்லி. ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து விடலாம். ஊற்றிக் கலக்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டால் வேலை முடிந்தது. கொஞ்சம் கூடினாலும் ஆபத்தில்லை, குறைந்தால்தான் ஆபத்து. கரைசலைப் பழுப்பு பாட்டிலில் இருட்டில் வையுங்கள். கலங்கி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ அடியில் தங்கினால் அது கெட்டுவிட்டது, புதிதாகக் கரையுங்கள்.

கல்லுப்பு குளோரினை எடுக்காது. படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், ஆனால் தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச்சை இறக்கிவிட்டு அலுமினியத்தையும் தண்ணீரில் விடும். மீன் தண்ணீருக்கு அது வேண்டவே வேண்டாம்.

குளோரினைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வேலூரில் மீன் வளர்க்கிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இன்றைக்கு வந்தது எந்தத் தண்ணீர் என்பது. நம் ஊரில் குழாய் ஒன்றுதான், அதற்குள் வருவது ஒன்றல்ல. மேட்டூர்ப் பக்கம் காவிரியில் எடுத்து வெகுதூரம் குழாயில் வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் உண்டு. பாலாற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளின் தண்ணீர் உண்டு. இரண்டும் வராத வாரத்தில் வீட்டு போர்வெல், இல்லாவிட்டால் லாரி. அந்த லாரி எந்தக் கிணற்றில் நிரப்பியது என்று நமக்குத் தெரியாது. ஒரே சம்ப்பில் இவை எல்லாம் மாறி மாறி விழுகின்றன.

மேட்டூர்த் தண்ணீரில் உப்பு குறைவு. நம் பக்கத்துப் போர், கருங்கல் பாறை இடுக்கில் தங்கிய தண்ணீர், கடினத்தன்மை அதிகம். பக்கெட் விளிம்பில் படியும் வெள்ளைக் கறையே அதற்குச் சாட்சி. பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து நிலத்தடி நீரின் கதை நாம் எல்லோரும் அறிந்தது. தோல் கெடாமல் இருக்கத் தடவுகிற உப்பு, பதனிடும்போது கழிவில் கரைந்து பல்லாண்டுகளாக மண்ணுக்குள் இறங்கியது. தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மண்ணுக்குள் போன உப்பு தீர்ப்பு வந்ததும் வெளியேறிவிடாது. ஹைப்போ எவ்வளவு ஊற்றினாலும் இந்த உப்பை அது தொடாது. குளோரின் துளிகூட இல்லாத லாரித் தண்ணீரில் மீன் செத்தால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பின் அளவுக்கும் வெளித் தண்ணீரின் உப்புக்கும் எப்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நன்னீர் மீன் உள்ளே வரும் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டும், செவுள் வழியாக உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டும் வாழ்கிறது. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு, 300 உள்ள தண்ணீரில் பழகிய மீனைத் திடீரென்று 1300-க்குள் போட்டால் அந்தக் கணக்கு ஒரே நொடியில் கலைகிறது. அதே மீன் 1300-க்கு மெதுவாகப் பல நாளில் போயிருந்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மீனுக்குத் தண்ணீரின் குணத்தைவிட அந்தக் குணம் எவ்வளவு சடாரென்று மாறுகிறது என்பதுதான் பெரிய விஷயம். முழுத் தொட்டியையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதும் அதனால்தான். ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள், பேனா அளவுதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் தொட்டித் தண்ணீரையும் ட்ரம் தண்ணீரையும் அடுத்தடுத்து அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டுக்கும் 100, 150 வித்தியாசம் என்றால் கால் பங்கு மாற்றலாம். அதைவிடப் பெரிய இடைவெளி என்றால் பத்தில் ஒரு பங்கு மட்டும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. குளோரினையும் காட்டாது. அது தெரிந்து பயன்படுத்தினால் இதைவிட உபயோகமான கருவி ஆரம்பத்தில் இல்லை.

போர் தண்ணீரில் குளோரின் இல்லைதான். அதற்காக நேராக ஊற்றிவிட முடியாது. ஆழத்தில் இருந்து வரும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓட்டிவிட்டு பிஎச் பாருங்கள், மேலே எடுத்த உடன் பார்த்ததைவிட ஏறியிருக்கும். அந்த ஏற்றம் ட்ரம்மில் நடக்கட்டும், தொட்டியில் வேண்டாம். இரும்பு இருந்தால் அதுவும் இந்த ஒரு நாளில் பழுப்பாகி அடியில் இறங்கும். அதைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுக்கலாம். கடினத் தண்ணீரில் பிஎச்சைக் குறைக்கிறேன் என்று கடையில் விற்கும் மருந்தை ஊற்றாதீர்கள். கடினத் தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டுகள் அதை மறுநாளே பழைய இடத்துக்கு இழுத்துவிடும். நடுவில் ஏறி இறங்கியதில் மீன்தான் அவதிப்படும்.

இப்போது உங்கள் கேன் தண்ணீர்க் கேள்விக்கு வருகிறேன். ஆர்ஓ கேன் தண்ணீரில் குளோரின் தொல்லை பெரும்பாலும் இருக்காது, ஆனால் மீனுக்குத் தேவையான கால்சியம், மெக்னீசியம், பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் எல்லாமே மிகவும் குறைந்துவிடும். முழுக்க அதையே ஊற்றினால் மீன் கழிவில் வரும் அமிலத்தை எதிர்க்க ஒன்றும் இல்லாமல் சில வாரத்தில் பிஎச் சரியும். கோல்டுஃபிஷ்ஷுக்குக் கடினத் தண்ணீர் ஒத்துவரும். அதற்குப் போய் கேன் காசு செலவழிக்க வேண்டியதில்லை. உங்கள் தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் மட்டும் கலந்து பயன்படுத்துங்கள். போர் 1400, கேன் 50 என்று வையுங்கள், ஒரு பங்கு போருக்கு இரண்டு பங்கு கேன் கலந்தால் 500 வரும். வீட்டு ஆர்ஓ மெஷினில் இருந்து வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சிலர் வீணாக்க மனமில்லாமல் தொட்டிக்கு விடுகிறார்கள். அதில் உப்பு முழுக்கத் திரண்டு நிற்கிறது, அதைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

வெயிலைச் சொல்லாமல் வேலூர்த் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது. கத்திரி வெயிலில் மதியம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. அதை அப்படியே ஊற்றினால் குளோரின் இல்லாமலேயே மீன் சாகும். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் ஆக்சிஜன் பிடிக்கும், 32 டிகிரியில் 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான். அதே சமயம் சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது. மே மாதத்தில் தண்ணீர் மாற்றுவதை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரம்மை நிழலில் வையுங்கள். மார்கழியில் இது தலைகீழ், காலையில் குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும், மதியம் மாற்றுங்கள். தொட்டிக்கும் புதுத் தண்ணீருக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

இனி, தீனி போடாதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்பது. நீங்கள் குழாயடியில் ஸ்பாஞ்சை அலசியபோது அழுக்கு மட்டும் போகவில்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டி வாழ்ந்தன. குளோரின் அவற்றுக்கும் எமன். இனி அவை திரும்பப் பெருக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அம்மோனியா தொட்டியிலேயே தேங்கும். நம் கடினத் தண்ணீரில் இது இரட்டிப்பு ஆபத்து. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கிறது, ஒன்று அவ்வளவு தீங்கில்லாத அயனி, இன்னொன்று விஷமான வடிவம். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் விஷ வடிவம் அரை சதவீதம் போல் இருக்கும். பிஎச் 8-க்குப் போனால் 5 சதவீதத்தைத் தாண்டும். அதே பிஎச்சில் சூடு 30 டிகிரி ஆனால் ஏழு, எட்டு சதவீதம். போர் தண்ணீரும் வேலூர் வெயிலும் சேர்ந்தால் எங்கே நிற்போம் என்று பாருங்கள். ஆகவே அடுத்த சில வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், சில குருணைகள் அளவுக்கு மட்டும் தீனி. அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிப் பாருங்கள். ஏறினால் குளோரின் எடுத்த தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் அவர்கள் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வைப்பது மிகப் பெரிய உதவி. இனி ஸ்பாஞ்சைக் கழுவும்போது தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான் பிழிய வேண்டும்.

குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் ஆகும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கழிவுநீர் கலந்த மூலத் தண்ணீரில் குளோரின் போட்டால் இது தானாகவே உருவாகலாம். திறந்து வைத்தால் குளோரின் போவதுபோல் இது சீக்கிரம் போகாது. ஹைப்போ இதை உடைக்கும், ஆனால் உள்ளே இருந்த அம்மோனியா வெளியே வந்து நிற்கும். ஒரு நாள் முழுக்கக் குமிழ் விட்ட பிறகும் சோதனையில் மஞ்சள் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஹைப்போ போட்டு, அளவில் குறைவாக மாற்றுங்கள்.

டெங்கு காலத்தில் வீடு வீடாக வருகிற ஊழியர்கள் தொட்டி, ட்ரம்களில் கொசுப்புழு சாக அபேட் மருந்து ஊற்றுவதுண்டு. அவர்கள் வேலை அவசியமானது, தடுக்கக் கூடாது. அந்த மருந்து ஹைப்போவுக்கு அடங்காது. மருந்து விட்ட ட்ரம்மின் தண்ணீரை மீனுக்கு எடுக்காதீர்கள், சின்ன இறால் வளர்க்கிறவர்கள் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. இதற்கு நல்ல ஏற்பாடு, மீனுக்கென்று தனி ட்ரம் வைத்து, கொசு நுழையாத நெருக்கமான வலைத்துணியை வாயில் இறுக்கிக் கட்டி, இது மீனுக்கான தண்ணீர் என்று வருகிறவரிடம் காட்டிவிடுவது. வலையிருந்தால் புழுவும் வராது, காற்றும் போகும்.

அந்த ட்ரம்மை எப்படி வாங்குவது என்பதிலும் நம் பக்கம் கவனம் வேண்டும். பழைய நீல ட்ரம் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்பு என்ன வந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. தோல் தொழிலும் ரசாயனத் தொழிலும் உள்ள வட்டாரம் இது, எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் உள்ளே இழுத்ததை விடாது. உணவுப் பொருள் வந்த ட்ரம் என்று உறுதி இருந்தால் ஒழிய, 100 லிட்டர் புது ட்ரம் வாங்குவதே நல்லது. தண்ணீர் வரும் நாளில் அதை நிரப்புங்கள், மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறை குழாய் வருகிற தெருவுக்கு இது எப்படியும் தேவைதான். ஏர் பம்ப்பில் இருந்து ஒரு கிளைக்குழாய் இழுத்து அதற்குள் ஏர் ஸ்டோன் போடுங்கள். அடுத்த நாள் சோதித்து, டிடிஎஸ் எழுதி, வாரம் ஒருமுறை கால் பங்கு, அதாவது உங்கள் தொட்டிக்கு 10, 12 லிட்டர், மெதுவாக ஒரு மக்கால் ஊற்றுங்கள். நடுவில் தொட்டியில் ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட மட்டும் கேன் தண்ணீர் ஊற்றலாம். ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், அதற்கும் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் டிடிஎஸ் வாராவாரம் ஏறும்.

இன்னொன்று, இரண்டடித் தொட்டிக்கு ஐந்து கோல்டுஃபிஷ் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதிகம். அவை நிறையச் சாப்பிட்டு நிறையக் கழிக்கிற மீன், பெரிதாகவும் வளரும். இப்போதிருக்கும் இரண்டு பிழைத்தால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு மீன் வேண்டும் என்றால் தனித் தொட்டியில் கப்பி, மோலி, பிளாட்டி வையுங்கள். அவை நம் கடினத் தண்ணீரை விரும்புகிற மீன்கள். நியான் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியவற்றுக்கு மென்தண்ணீர் வேண்டும், அவற்றைப் பிறகு பார்க்கலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டுகிறவரை புதிதாக எதுவும் வாங்காதீர்கள். வாங்கும்போது மீட்டரைக் கையோடு கொண்டுபோய்க் கடைத் தொட்டியின் டிடிஎஸ்ஸை அளந்து பாருங்கள். சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் இருந்து வந்திறங்கிய மீன் வேறு தண்ணீரில் பிறந்து வளர்ந்தது. பையைப் பதினைந்து நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரை வெளியே கொட்டிவிடுங்கள்.